தாய்லாந்தைப் பாரு, லைபீரியாவைப் பாரு

ஒரு நாட்டிலிருந்து வந்தவர்களை இன்னொரு நாட்டிலிருந்து வந்தவர்களோடு தராசில் வைத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. "அவங்களைப் பாரு, இவங்களைப் பாரு" என்று யாராவது ஆரம்பித்தால் போதும், சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விடுவேன். என் மகள் கண்ணை உருட்டி, "ஹியர் வி கோ அகெய்ன், அம்மா" என்பாள். அவளுக்கு என்ன தெரியும்? இந்தக் கோபம் பிறந்த அன்று அவளும் அங்கேதான் இருந்தாள். தலையில் காகிதக் கரும்பு வைத்து, மேடையில் அழுதுகொண்டிருந்தாள்.

தொண்ணூறுகளின் கடைசி. ஐசலினில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அப்பார்ட்மென்ட்டில் குடியிருந்தோம். இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்களெல்லாம் குழம்பிவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்தது. அந்தக் குழப்பம் வராமல் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்வதுதான் எங்கள் வேலை; அந்தப் பயத்தில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. கணவருக்கும் வேலை, எனக்கும் வேலை, இரண்டு வயதுப் பெண் குழந்தை. பெரிய டேகேர்களில் இடம் கிடைக்கவில்லை. அப்போது அதே கட்டடத்தில் இருந்த கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி, கீழ்த்தளத்தில் இருக்கும் லைபீரியா ஆன்ட்டியிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னாள். அவளுடைய பையனும் அங்கேதான் இருந்தான்.

எங்கள் குழந்தைகளுக்கு அவர் ஆன்ட்டி. நாளடைவில் எங்களுக்கும் ஆன்ட்டி. ஊரில் சின்னக் குழந்தைகளுக்குச் சொந்தமாக ஒரு பள்ளி நடத்தியவர். போர் வந்ததும் இரண்டு பெண்களை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு எல்லையைக் கடந்து, பக்கத்து நாட்டில் கொஞ்ச காலம் தங்கி, பிறகு இங்கே வந்து சேர்ந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை எங்கள் பிள்ளைகள். சனி, ஞாயிறு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே, மடியில் ஏதாவது ஒரு குழந்தை இருந்தபோதுதான்.

சாதுவான மனுஷி என்று நினைத்துவிடக் கூடாது. மாலை ஆறரைக்குள் போகாவிட்டால் குழந்தைக்கு ஷூ மாட்டி, கோட்டு மாட்டி, வாசலிலேயே நிற்பார். "உங்க நேரம்தான் நேரம், என் நேரம் என்ன தண்ணியா?" என்று ஆங்கிலத்தில் கேட்பார். தினமும் தயிர்சாதம் கட்டிக் கொடுக்கும் தமிழ் அம்மாக்களை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது. "இந்தப் பிள்ளைகள் என்ன பாவம் பண்ணிச்சு?" என்பார். பிறகு அதே தயிர்சாதத்தை விரலால் மசித்து, பொறுமையாக ஊட்டிவிடுவார். என் மகள் என்னிடம் சாப்பிட்டதைவிட அவரிடம் சாப்பிட்டதுதான் அதிகம்.

அரசாங்கம் லைபீரியாக்காரர்களுக்குத் தங்கும் அனுமதியை வருடா வருடம்தான் நீட்டித்துக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் உண்டா இல்லையா என்பது கடைசி நேரம்வரை தெரியாது. நாங்கள் கிரீன் கார்டு வரவில்லை, வரவில்லை என்று வாரக் கடைசி விருந்துகளில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தோமே, அதற்குக் கம்பெனி வக்கீல் வைத்திருந்தது. கம்பெனியே காகிதங்களை அனுப்பியது. ஆன்ட்டிக்கு வக்கீலும் கிடையாது, கிரீன் கார்டுக்கு வரிசையும் கிடையாது. வருடம் முடியும்போது ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தி கேட்பதுதான் உண்டு.

இப்போது நடுவரைச் சொல்ல வேண்டும். எழுபதுகளில் இன்ஜினீயராக வந்தவர். ஓக் ட்ரீ ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, வரிசையாக நாலு கடைகள் அவருக்குச் சொந்தம். தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாப் பட்டிமன்றத்துக்கு ஒவ்வொரு வருடமும் அவர்தான் நடுவர். அவர் இல்லாமல் பட்டிமன்றம் இல்லை என்றே ஆகிவிட்டிருந்தது. மேடை ஏறினால் முதல் பத்து நிமிடம் செந்தமிழ். கிண்டல் ஆரம்பித்துவிட்டால் பாதி இங்கிலீஷ். நல்ல சிரிப்புக் காட்டுவார், ஒப்புக்கொள்கிறேன்.

அவருடைய மகள் டாக்டர். விடிவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவள். அவளுடைய குழந்தை, அதாவது நடுவரின் பேத்தி, ஏழு மாதத்திலிருந்து ஆன்ட்டியிடம்தான் வளர்ந்தது. காலையில் முதலில் வரும் குழந்தையும் அதுதான், கடைசியில் போவதும் அதுதான். ஆறரை மணிச் சட்டம் அந்தக் குழந்தைக்கு மட்டும் பொருந்தாது. "அவ அம்மா உயிரைக் காப்பாத்திட்டு வர்றா, உங்களை மாதிரி ட்ராஃபிக்ல நின்னுட்டு வரலை" என்பார் ஆன்ட்டி.

நடுவரின் நாலு கடைகளில் ஒன்று தாய்லாந்து ரெஸ்டாரன்ட். அதற்கு அடுத்த அறை ரொம்ப நாளாகக் காலி. ஜன்னலில் வாடகைக்கு என்ற பலகை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. காலை வெயில் நன்றாக விழும் அறை. பின்னால் வேலி போட்ட புல்தரை. ஆன்ட்டி அந்த அறையைப் பார்த்துவைத்திருந்தார். வீட்டில் வைத்தால் ஐந்து குழந்தைகளுக்கு மேல் கூடாது என்பது சட்டம். எத்தனையோ அம்மாக்கள் இடம் கேட்டுக் காத்திருந்தார்கள். அந்த அறை கிடைத்தால் முறைப்படி லைசென்ஸ் வாங்கலாம், ஊரில் விட்டுவிட்டு வந்த பள்ளியை இங்கே திறக்கலாம், சனி, ஞாயிறு முதியோர் இல்லத்து வேலையை விட்டுவிட்டுப் பெண்களோடு வீட்டில் இருக்கலாம். ஜன்னல் பக்கம் எந்த நிறத்தில் திரை போடுவது என்றுகூட எங்களிடம் கேட்டாயிற்று.

"உங்க ஊர்க்காரர்தானே, நீயும் கூட வா" என்று கூப்பிட்டார். போனேன். சர்ச்சுக்குப் போடும் நீல நிறச் சூட்டும் தொப்பியுமாக வந்திருந்தார். நடுவர் மரியாதையாகத்தான் உட்காரவைத்தார். டீ கொடுத்தார். பேத்தி புதிதாகக் கற்றுக்கொண்ட சேட்டைகளை விசாரித்துச் சிரித்தார். பிறகு ஆன்ட்டியின் அனுமதிக் காகிதத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு வருஷத்துக்குத்தானே இருக்கு? நான் அஞ்சு வருஷம் லீஸ் போடறவன்."

"அப்போ எனக்கு ஒரு வருஷத்துக்கே போடுங்க" என்றார் ஆன்ட்டி. "அனுமதி நீட்டிச்சா லீஸையும் நீட்டிக்கலாம்."

"நாங்களும் கூட சைன் பண்றோம் அங்கிள்" என்றேன் நான்.

நடுவர் என் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினார். "உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு? பக்கத்துல அந்த தாய்லாந்து ஃபேமிலியைப் பாரு. ஆளுங்களே வேற. இவங்க வேற. நல்லவங்கதான், இல்லேங்கலை. ஆனா பிசினஸ்னா ரிஸ்க் பாக்கணும்ல?"

ஆன்ட்டி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். யோசித்துச் சொல்வதாக நடுவர் எங்களை அனுப்பிவைத்தார். இரண்டு வாரம் கழித்து மகள் மூலம், இப்போதைக்கு அந்த அறையை யாருக்கும் கொடுக்கிற எண்ணம் இல்லை என்று சொல்லி அனுப்பினார். பாவம், அவள் காலையில் குழந்தையை இறக்கிவிடும்போது தலையைக் குனிந்துகொண்டு சொன்னாளாம். வாடகைக்கு என்ற பலகையை மட்டும் அவர் எடுக்கவில்லை.

தாய்லாந்துக் குடும்பத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் அங்கேதான் சாப்பாடு வாங்குவோம். கடைக்கார அம்மா பாங்காக்கில் பேங்க் வேலை பார்த்தவர். பொட்டலம் கட்டிக்கொண்டே கதை சொல்வார். அவருடைய அண்ணன் டெக்சாஸில், சுகர் லேண்டில், பல வருடங்களாக ரெஸ்டாரன்ட் வைத்திருக்கிறார். தங்கையைக் குடும்பத்தோடு வரவழைத்து கிரீன் கார்டுக்கு ஏற்பாடு செய்தவர் அவர்தான். ஐசலின் கடையின் லீஸில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். அடுப்பு, பெரிய வாணலி, மேஜை, நாற்காலி எல்லாம் டெக்சாஸிலிருந்து லாரியில் வந்தவை. "அண்ணன் இல்லேன்னா நான் இன்னும் பேங்க்ல நோட்டு எண்ணிக்கிட்டுதான் இருப்பேன்" என்பார். பெருமையோடுதான் சொல்வார். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அதே கடையின் பின்கட்டில் நாளெல்லாம் பாத்திரம் கழுவியவரும் தாய்லாந்துக்காரர்தான். அவரை எந்த அங்கிளும் உதாரணம் காட்டியதில்லை. அதேபோல, நடுவரின் மகள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் லைபீரியாக்காரர் ஒருவர் சர்ஜனாக இருந்தார். போருக்கு ரொம்ப முன்னாலேயே படிக்க வந்தவர். அவரும் யார் கண்ணிலும் படவில்லை.

நம் கதை மட்டும் என்ன வாழ்ந்தது? நான் படித்தது அரசாங்கக் கல்லூரி. ஃபீஸ் என்று நாங்கள் கட்டியது ஊரில் ஒரு கல்யாணத்துக்கு மொய் வைக்கும் காசு. மிச்சத்தை, பள்ளிக்கூட வாசலைக்கூட மிதிக்காத எத்தனையோ பேரின் வரிப்பணம் கட்டியது. படித்து முடித்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டோம். இங்கே இறங்கிய அன்றைக்கே கம்பெனி அப்பார்ட்மென்ட், கம்பெனி கார். பிறகு ஏணியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, எல்லாம் எங்கள் சொந்த உழைப்பு என்று மார்தட்டினோம். உழைத்தோம்தான். ஏணி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வாய் வரவில்லையே, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த ஜனவரி வந்தது. பொங்கல் விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட கேஃபடீரியாவில். அந்த வருடப் பட்டிமன்றத் தலைப்பு: 'புலம்பெயர்ந்தோர் முன்னேற்றத்துக்குப் பெரிதும் காரணம் உழைப்பா, வாய்ப்பா?' உழைப்பு அணியில் சேர அடிபிடி. வாய்ப்பு அணிக்கு ஆள் இல்லை. என்னைக் கெஞ்சிக் கூத்தாடிப் போட்டார்கள். சாப்பாடு தாய்லாந்து ரெஸ்டாரன்ட்டிலிருந்து. மீன் சாஸ் ஒரு சொட்டுகூட விழக் கூடாது என்று சங்கத்துச் செயலாளர் அந்த அம்மாவுக்குப் போன் மேல் போன் போட்டு உயிரை வாங்கியிருந்தார்.

ஆன்ட்டியும் வந்திருந்தார். அவர் வளர்த்த ஐந்து குழந்தைகளில் பெரியவர்கள் நாலு பேர் கரும்பும் பொங்கல் பானையுமாக வேஷம் போட்டு ஆட வேண்டும். ஒரு மாதமாக கேசட்டைப் போட்டு ஆடவைத்துப் பழக்கியவர் அவர்தான். ஆன்ட்டி எதிரில் நின்று ஆடிக்காட்டாவிட்டால் ஒன்றும் மேடை ஏறாது. அதற்காக ஞாயிற்றுக்கிழமை வேலையை இன்னொருத்தியிடம் மாற்றிக்கொடுத்துவிட்டு, அதே நீலச் சூட்டில் வந்து மேடைக்கு முன்னால் குதித்து ஆடினார். அப்படியும் என் மகள் அழுதாள், அது வேறு விஷயம். ஆடி முடித்ததும் ஆன்ட்டி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்த டாக்டர் அம்மா பின்வரிசையில் தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். நடுவரின் பேத்தி ஆன்ட்டியின் தோளில் படுத்துத் தூங்கிவிட்டது.

பட்டிமன்றம் ஆரம்பித்தது. என் முறை வந்தபோது வாய்ப்பு என்றால் என்ன என்று விலாவாரியாகப் பேசினேன். கல்லூரி ஃபீஸைச் சொன்னேன், கம்பெனி வக்கீலைச் சொன்னேன். மரியாதைக்குக் கொஞ்சம் கைதட்டினார்கள். பிறகு நடுவர் தீர்ப்புச் சொல்ல எழுந்தார்.

"ரெண்டு அணியும் நல்லாவே மோதினாங்க. ஆனா நான் கண்ணால பாக்கறதைச் சொல்றேன். என் கடையில ஒரு தாய் ஃபேமிலி. ஸீரோவா வந்தாங்க. ஸீரோ! இன்னிக்கு சக்ஸஸ்ஃபுல் பிசினஸ். இன்னிக்கு நாம சாப்பிடப் போறதே அவங்க சாப்பாடுதான். எதனால? உழைப்பு! அதே டைம்ல வந்தவங்கதான் லைபீரியன்ஸ். இன்னும் அதே அப்பார்ட்மென்ட், அதே பேபி சிட்டிங். நோ பிளானிங், நோ சேவிங், நோ ஆம்பிஷன். கொஞ்சம் லேஸி, வேற என்னத்தைச் சொல்றது? கன்ட்ரி ஒண்ணுதான், ஆப்பர்ச்சூனிட்டி ஒண்ணுதான். வித்தியாசம் என்ன? உழைப்பு! உழைப்பு! உழைப்பு!"

கூட்டம் சிரித்தது. கைதட்டியது. சிரித்தவர்களில் ஆன்ட்டியிடம் பிள்ளையை விடுகிறவர்களும் இருந்தார்கள். என் உடம்பெல்லாம் எரிந்தது. தமிழில் பேசுவதால் அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியாது என்று அத்தனை பேருக்கும் தைரியம். நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய மடத்தனம் இது. லைபீரியன், பேபி சிட்டிங், நோ பிளானிங், நோ ஆம்பிஷன், லேஸி என்று ஒரு மனுஷியைக் கேவலப்படுத்தத் தேவையான ஒவ்வொரு சொல்லையும் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, நடுநடுவே தமிழைத் தூவினால் அது ரகசியமாகிவிடுமா? ஆன்ட்டி நேராக மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கை மட்டும் நின்றுபோயிருந்தது.

பட்டிமன்றத்தில் தீர்ப்புக்குப் பிறகு யாரும் பேசக் கூடாது. ஜெயித்தாலும் தோற்றாலும் கைதட்டிவிட்டு இறங்க வேண்டும். அதுதான் வழக்கம். நான் மைக்கைப் பிடித்தேன்.

"நடுவர் அவர்களே, ஒரு கேள்வி."

"தீர்ப்பு சொன்னப்புறம் கேள்வி கிடையாதும்மா."

"காலியா கிடக்கிற உங்க ரூமை அந்த லைபீரியா அம்மா வாடகைக்குக் கேட்டாங்களா, இல்லையா? தரமாட்டேன்னது யாரு? தாய் ஃபேமிலியோட லீஸ்ல கையெழுத்துப் போட்டது அவங்களா, அவங்க அண்ணனா? உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? கதவைச் சாத்தினதும் நீங்க, உள்ள வரலேன்னு தீர்ப்பு சொல்றதும் நீங்களா அங்கிள்?"

செயலாளர் கையை ஆட்டி என்னை உட்காரச் சொன்னார். நான் விடவில்லை.

"உங்க பேத்தி இப்ப யார் தோள்ல தூங்குதுன்னு பாருங்க. உங்க வீட்டுக் குழந்தையை அவங்களை நம்பி விட முடியுது. ஒரு ரூமை நம்பி விட முடியலையா?"

நடுவர் ஒரு கணம் இரண்டாவது வரிசையைப் பார்த்தார். அந்த ஒரு கணம் அவர் முகத்தில் ஏதோ வந்து போனதை நான் பார்த்தேன். ஆனால் அவருக்கா மேடை தெரியாது? உடனே வாய்விட்டுச் சிரித்து, "வாய்ப்பு அணித் தலைவிக்குத் தோத்த கோபம் இன்னும் தீரலை, ஒரு வாய்ப்பு குடுத்துட்டோம், போதும்!" என்றார். கூட்டம் நிம்மதியாகச் சிரித்தது. யாரோ என் மைக்கை அணைத்தார்கள். செயலாளர் ஓடிவந்து நடுவருக்குப் பொன்னாடை போர்த்தினார். என் கணவர், "பெரியவரைப் போய் பப்ளிக்ல இப்படியா?" என்று கேட்டார். பதில் சொல்லியிருந்தால் அன்றைக்கு எங்கள் வீட்டில் இரண்டாவது பட்டிமன்றம் நடந்திருக்கும்.

சாப்பாட்டு வரிசையில் தாய்லாந்துக் கடைக்கார அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "எங்களைப் பத்தி ஏதோ சொன்னாரே, என்ன?" என்று கேட்டார். ஒன்றுமில்லாமல் வந்து முன்னேறியதாகப் புகழ்ந்தார் என்றேன். அவர் முகம் மலரும் என்று பார்த்தால், கரண்டியைத் தட்டில் டங்கென்று போட்டார்.

"ஒண்ணுமில்லாமலா? அப்போ என் அண்ணன் யாரு? லீஸ் போட அண்ணன்தானே வந்து இவர் முன்னாடி உக்காந்தார்?" என்றவர், இரண்டாவது வரிசையைக் கண்ணால் காட்டி, "அந்த அம்மாவுக்கு இங்கே அண்ணன் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

நான் இருபது நிமிடம் முக்கி முக்கிப் பேசியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். ஆனால் அவரிடம் யாரும் தீர்ப்புக் கேட்கவில்லை. நூடுல்ஸில் மீன் சாஸ் இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டார்கள்.

அந்த அறை அதற்குப் பிறகும் ஆன்ட்டிக்குக் கிடைக்கவில்லை. எனக்கு ரிச்சர்ட்சனில் வேலை கிடைத்து நாங்கள் டெக்சாஸுக்குக் கிளம்பிய வாரம் அந்த வழியாகப் போனேன். வெளுத்த பலகை அப்படியேதான் தொங்கிக்கொண்டிருந்தது. காலி அறையில் காலை வெயில் விழுந்துகொண்டிருந்தது. நடுவர் அந்தப் பலகையோடே இருக்கட்டும் என்று வாய்விட்டே திட்டினேன்.

விழா அன்று மாலை ஆன்ட்டியை நான்தான் காரில் கூட்டிவந்தேன். கணவர் நாற்காலி மடக்க நின்றுவிட்டார். மகள் பின்சீட்டில் காகிதக் கரும்போடு தூங்கிக்கொண்டிருந்தாள். ஓக் ட்ரீ ரோடு சிக்னலில் நின்றபோது ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார்.

"லேஸின்னு சொன்னார், இல்லையா?" என்றார்.

ஆமாம் என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"நீ எனக்காகச் சண்டை போட்டேன்னு தெரியும். உன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சுது." நடுவரைப் போலவே கையை ஓங்கிக் காட்டினார். "கிட்டத்தட்ட எல்லாமே புரிஞ்சுது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் புரியலை. கையை ஓங்கி ஓங்கித் திரும்பத் திரும்பச் சொன்னாரே, உழைப்பு, உழைப்புன்னு. அப்படின்னா என்ன?"

சிக்னல் பச்சையாகி, பின்னால் ஹார்ன் அடித்தார்கள். ஹார்ட் வொர்க் என்றேன். ஆன்ட்டி அந்தச் சொல்லைத் தமிழில் ஒரு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். 'ழ' அவருக்கு வரவில்லை. மருந்துக் கடை வந்ததும் என் தோளைத் தொட்டார்.

"இங்கே கொஞ்சம் நிறுத்து. பாப்பாவுக்கு டயப்பர் தீர்ந்துபோச்சு. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கெல்லாம் வந்துடுவா."

எந்தப் பாப்பா என்று நான் கேட்கவில்லை. காரை நிறுத்தினேன். ஆன்ட்டி தொப்பியைக் கழற்றி சீட்டில் வைத்துவிட்டு, நடுவரின் பேத்திக்கு டயப்பர் வாங்க இறங்கிப் போனார்.